ஒரு நானோவுக்குள்

ஊக்கு இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. சாவியை மரத்தட்டில் வைத்தாயிற்று, கைக்கடிகாரத்தை வைத்தாயிற்று, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி வைத்தாயிற்று, இனி உள்ளே போகலாம் என்று குடிசைக் கதவில் கை வைத்த பிறகுதான் லில்லிபுஷ்பத்தின் விரல்கள் தற்செயலாகக் கழுத்துப் பக்கம் போயின. தாலிச் சங்கிலியில் இரண்டு ஊக்குகளும் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு வருஷமாக இந்த நிலையத்தில் பூமியின் காந்தத்தை அளக்கிறவள் அவள். கொக்கி வைக்காமல் நூல் பொத்தான் வைத்து ரவிக்கை தைத்துக்கொள்கிறவள். ஆனால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்து, வீட்டோடு கிடந்த மாதங்களில் அவளும் மற்றவர்களைப் போலவே ஆகிவிட்டிருக்கிறாள். எந்தப் பெண்ணின் தாலியில்தான் ஊக்கு இல்லை? யாருக்காவது முந்தானை நழுவினால், பையின் வார் அறுந்தால், உடனே கை அங்கேதான் போகும். கதவுக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் புனலிலிருந்து அவளோடு வேலை பார்க்கிற சுடலைமணியின் குரல் வந்தது. குடிசைக்குள் கைபேசிக்கு இடமில்லை என்பதால் தூரத்து அறைக்கு மண்ணுக்கடியில் ஒரு தண்ணீர்க் குழாயைப் போட்டு, இரண்டு முனையிலும் புனலைச் சொருகி வைத்திருந்தார்கள். "அக்கா, உள்ள போயாச்சா?" "நிக்கேன் தம்பி. ஊக்கக் கழட்டுதேன்." "எங்க, தாலியிலயா? நல்லவேள. அதோட உள்ள போயிருந்தீங்கன்னா வடதுருவம் இடம் மாறிட்டுன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்திருக்கும்." "வாய மூடிக்கிட்டு ரீடிங்கப் பாருல." அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்பதற்குள் பயம் வந்துவிட்டது. ஊக்கைக் கழற்றித் தட்டில் வைத்துவிடலாம். தொடைக்குள் எலும்போடு திருகியிருக்கிற உலோகப் பட்டையை எந்தத் தட்டில் வைப்பது?

உள்ளே போனாள். அரைகுறை வெளிச்சமும் சுண்ணாம்பு வாசனையும் அவளை அடையாளம் கண்டுகொண்டது போலிருந்தது. குடிசை என்பது பேருக்குத்தான், இந்தக் கட்டடத்தில் இரும்பு என்று ஒரு பொடி கிடையாது. ஆணியெல்லாம் பித்தளை, கதவுக் கீல்கள் செம்பு. செங்கல்லில்கூட இரும்பு உண்டு என்பதால் சுவர் முழுக்கச் சுண்ணாம்புக்கல். நடுவில் ஒரு தூண், தூணின் மேல் வடக்கு பார்த்தபடி கருவி. கருவியிலிருந்து ஒரு கம்பி சன்னலோரத்துப் பெட்டிக்குப் போகிறது, பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடுகின்றன. இதே போல இன்னொரு கருவி, தூரத்தில் பூமிக்கடியிலுள்ள அறையில், இராப்பகலாக ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. அதன் எண்ணைத்தான் சுடலைமணி பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டும் ஒரே கடலில் நட்ட இரண்டு கம்பங்கள். அலை ஏறினால் இரண்டிலும் ஏறும், வடிந்தால் இரண்டிலும் வடியும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மாறாது. மாறினால் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் காரணம். அவள் தூரமாக நிற்கும்போது ஒரு வித்தியாசம், கருவியோடு ஒட்டி நிற்கும்போது ஒரு வித்தியாசம், இரண்டையும் எடுத்துப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. நிலைய அதிகாரி நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள வேறுபாடு ஒரு நானோடெஸ்லாவுக்குள்ள இருந்தா நீங்க குடிசையிலேயே இருங்கம்மா. தாண்டிட்டா, மன்னிச்சுக்கணும், தபால் மேசைக்குத்தான் மாத்தணும்." தபால் மேசை. அதில் ஒன்றும் கேவலம் இல்லை, மின்விசிறிகூட உண்டு. இருந்தாலும் அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் வாயில் பசை நக்கிய ருசி வந்தது. கண்ணுக்குத் தெரியாமல், சத்தம் போடாமல், சுவர், மரம், மனிதர் என்று பாராமல் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு வடக்கே போகிற ஒன்றை, தினமும் காலையில் எழுந்து வந்து, இன்றைக்கு நீ எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்கிற வேலையை விட்டுவிட்டு, உறைகளுக்குப் பசை தடவ வேண்டும்.

முதலில் தூரத்து வாசிப்பு. சன்னல் மூலையில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். பெட்டியில் பன்னிரண்டு புள்ளி ஆறு. நாற்பதாயிரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிற மாதிரி இன்று வைத்திருந்தார்கள். "இப்போ" என்று புனலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அந்தப் பக்கம் அவனும் அதே நொடியில் வாசித்தான். "வித்தியாசம் மூணு புள்ளி ரெண்டுக்கா. புள்ளிக்குப் பின்னால உள்ள சில்லறை மாறுதான்னு கொஞ்ச நேரம் பாப்போம், அப்படியே நில்லுங்க." நின்றாள். நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லாதபோது மனம் எங்கே நிற்கும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மூலையில் நின்று குழம்பியது ஞாபகம் வந்தது. பழைய ஆட்கள் எல்லாவற்றையும் காமாவில் சொன்னார்கள், கல்லூரிப் புத்தகம் காஸ் என்றது, வெளிநாட்டிலிருந்து வருகிற தாள்களில் நானோடெஸ்லா. மூன்றும் மூன்று சங்கதி என்று அவள் பல நாள் நம்பிக்கொண்டிருந்தாள். காமாவும் நானோடெஸ்லாவும் ஒன்றேதான், ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயராலும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயராலும் கூப்பிடுவது மாதிரி. ஒரு லட்சம் நானோ சேர்ந்தால் ஒரு காஸ். பத்தாயிரம் காஸ் சேர்ந்தால் ஒரு டெஸ்லா. ஒரு மீட்டர் கம்பியில் ஒரு ஆம்பியர் மின்சாரம் ஓடும்போது, குறுக்கே வந்து அந்தக் கம்பியை ஒரு நியூட்டன் பலத்தோடு தள்ளுகிற காந்தம் ஒரு டெஸ்லா. ஒரு நியூட்டன் என்பது உள்ளங்கையில் வைத்த நூறு கிராம் காப்பித்தூள் பொட்டலத்தின் பாரம். இதெல்லாம் பாடம். பாடமாக ஒப்பித்துவிடலாம். ஆனால் சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒருநாள் ரயிலில்தான் பிடிபட்டது. கன்னியாகுமரியில் கிளம்பிச் சென்னையைத் தாண்டி, நெல்லூரைத் தாண்டி, ஓங்கோல் வரைக்கும் ஒரு சாலை. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். அந்தச் சாலை முழுவதும் ஒரு டெஸ்லா என்று வைத்துக்கொண்டால், அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் ஒரு நானோடெஸ்லா. கணக்கைச் சரிபார்த்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். தந்திக் கம்பங்கள் ஓடின, ஊர்கள் ஓடின, இருட்டின பிறகும் ஓடிக்கொண்டே இருந்தன. அவள் மில்லிமீட்டரை நினைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சாலையில் இந்தப் பூமியின் காந்தம் எவ்வளவு தூரம்? இங்கே, காந்த நடுக்கோட்டுக்கு அருகில், நாற்பதாயிரம் நானோ. அதாவது நாற்பது மீட்டர். கன்னியாகுமரியில் பேருந்தை விட்டு இறங்கி ஒரு டீக்கடைக்கு நடக்கிற தூரம். கப்பல்களுக்கு வழி சொன்னது, பறவைகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கூட்டிப் போவது, சூரியன் வீசுகிற நெருப்புக் காற்றைத் தடுத்து நிறுத்துவது, எல்லாம் அந்த நாற்பது மீட்டர். கால் முறிந்து கிடந்தபோது, பட்டை வைப்பதற்கு முன்னால், முட்டியின் தசைநார் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பெரிய குழாய்க்குள் அவளைத் தள்ளினார்கள். "பயப்படாதீங்க ஆன்ட்டி, சும்மா ஒன்றரைதான்" என்றான் அங்கிருந்த பையன். ஒன்றரை என்ன? ஒன்றரை டெஸ்லா. அவ்வளவு வலியிலும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வாழ்நாள் முழுக்க டீக்கடை வாசலில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்துகொண்டிருந்தவளை ஓங்கோலுக்கும் அப்பால் ஐந்நூறு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போய், பதினைந்து நிமிஷம் படுக்க வைத்து, சும்மா ஒன்றரைதான் என்கிறான். அதுவும் பெரிதில்லை. வானத்தில் செத்துச் சுருங்கிய நட்சத்திரங்கள் சில உண்டு, ஒரு நகரத்தின் அளவே இருக்கும், அவற்றின் காந்தத்தை இந்தச் சாலையில் நீட்டினால் ஒளியே நடந்து சேரப் பத்து வருஷம் ஆகும். மேலே அப்படி என்றால் கீழேயும் முடிவில்லை. இப்போது, இந்த மூலையில், இந்த ரவிக்கைக்குள் அடித்துக்கொள்கிறதே, இந்த இதயத்துக்கும் காந்தம் உண்டு. சாலையில் அது ஒரு தலைமுடியின் பருமன். தலைக்குள் ஓடுகிற யோசனைக்கும் உண்டு. அது ஒரு கிருமியின் உடம்பில் பத்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் என் பயத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது, அதையும் டெஸ்லாவில்தான் எழுத வேண்டும் என்று நினைத்தாள். நட்சத்திரத்தையும் பயத்தையும் ஒரே கோலால் அளக்கலாம். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். பெட்டியில் பன்னிரண்டு புள்ளி ஒன்பது. வெளியே வெயில் ஏற ஏறத் தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்சார ஆறு ஒன்று பெருகும், எண்ணும் மெல்ல மெல்ல ஏறும். தினசரி நடப்பதுதான். "அதே மூணு புள்ளி ரெண்டு" என்றான் சுடலைமணி. "நல்லா நின்னிருக்கீங்க. இனிமே கிட்டப் போலாம்." அவள் சுவரை விட்டு நகரவில்லை.

ஏனென்றால் தவமணி இருக்கிறாரே, அவள் வீட்டுக்காரர், பாத்திரக் கடைக்காரர். எவர்சில்வரோடு பிறந்து எவர்சில்வரோடு வளர்ந்தவர். எலும்பு டாக்டர் டைட்டானியம் வைக்கலாமா ஸ்டீல் வைக்கலாமா என்று கேட்டபோது, இவள் மயக்கத்தில் கிடந்தாள். டைட்டானியம் என்றால் அவருக்குப் பெயின்ட் டப்பா ஞாபகம்தான். ஸ்டீல் என்றால் தெரியும். கையிலெடுத்துத் தட்டினாலே ஜாதகம் சொல்வார். பெண்டாட்டி எங்கே வேலை பார்க்கிறாள் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் கடைக்கு ஓடிப்போய், நல்ல எவர்சில்வரா போலியா என்று வாடிக்கையாளர் கண்ணெதிரே ஒட்டிக் காட்டுகிற காந்தத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தாராம். பட்டையின் உறைமேலேயே வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உரசிப் பார்த்தாராம். "ஒட்டலட்டி! ஒரு பொட்டு ஒட்டல. முதல் தரம். நர்சு சிரிக்கா, நான் விடுவனா?" கண் விழித்ததும் அவள் காதில் விழுந்த முதல் சேதி அதுதான். அந்த முகத்தைப் பார்த்தால் அழுகை வரும், அவ்வளவு பெருமை. அவரிடம் எப்படிச் சொல்வது? கடைக் காந்தம் இழுப்பது கிலோமீட்டர் கணக்கு. அதற்கு ஒட்டாதது எனக்கும் ஒட்டாது என்று இல்லை. நான் மில்லிமீட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். அதோடு, உரசினாரே. காந்தத்தால் உரசினால், உள்ளே துளி இரும்புக் குணம் இருந்தாலும் அது விழித்துக்கொள்ளுமே. எனக்கு நல்லது செய்யத்தான் உரசினார். உரசியதாலேயே ஆகிவிட்டிருந்தால்? பட்டையை மட்டும் பார்த்தார், திருகாணிகள் வேறு பொட்டலத்தில் அல்லவா இருந்திருக்கும்? இவள் கேட்கவில்லை, கேட்டால் அவர் தூங்கமாட்டார். அப்புறம் அந்த இன்னொன்று. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே அவர் தன்பாட்டில் சொன்னது. "எவ்வளவு நல்ல எவர்சில்வரா இருந்தாலும் சரிட்டி, வளைச்ச இடத்துல லேசா இழுக்கும். விளிம்புல வச்சுப் பாரு, தெரியும்." வளைத்த இடம். எலும்பு நேர்கோடு இல்லை. டாக்டர் பட்டையை எலும்புக்கு ஏற்ற மாதிரி வளைத்துத்தான் வைத்திருப்பார். எங்கே வளைத்தார்? எவ்வளவு வளைத்தார்? அன்று கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். மீன் சரியில்லையா என்று கேட்டார். வளைத்த இடம். வீட்டில் யாருமில்லாதபோது ஒரு திசைகாட்டியைத் தொடைமேல் வைத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை. அசையாது, அதற்குக் கண் போதாது. நானோவைப் பார்க்கிற கண் இந்த ஊரில் இங்கே மட்டும்தான் இருக்கிறது. வளைத்த இடம். "அக்கா?" "வந்துட்டேன்."

நகர்ந்தாள். கைத்தடியை மூலையிலேயே சாத்திவிட்டாள், மரத்தடிதான், ஆனாலும் வேண்டாம். இடது காலை இழுத்து வைத்து, தூணை ஒட்டி, கருவியில் கண் வைக்கும்போது எப்படி நிற்பாளோ அப்படியே நின்றாள். தொடைக்கும் கருவிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பெட்டியில் பதின்மூன்று புள்ளி நான்கு. "இப்போ." அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். "மூணு புள்ளி..." என்று அவன் இழுத்தான், "இருங்கக்கா, இன்னொருவாட்டி பாத்துக்கிடுதேன்." அவள் பெட்டிக்குக் கண்ணைத் திருப்பினாள். அப்போதுதான் எண் ஏறியது. பதின்மூன்று பதினாறாயிற்று. பதினாறு இருபதாயிற்று. இருபத்தேழு. கண்ணை மூடித் திறந்தாள். முப்பத்தைந்து. அவளால் தான் பார்ப்பதை நம்ப முடியவில்லை. நான்தான். வளைத்த இடம்தான். இவ்வளவா? ஒன்றுக்குள் இருக்க வேண்டியது இருபதைத் தாண்டிவிட்டதா? ஒரு தொடைக்குள் இவ்வளவு இரும்பை வைத்துக்கொண்டா இத்தனை நாள் படுத்து எழுந்து நடந்திருக்கிறேன்? பின்னால் நகர்ந்தாள். நகர்ந்தால் இறங்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் எட்டில் ஒரு பங்காகக் குறைய வேண்டும், அதுதான் விதி. இறங்கவில்லை. நாற்பத்திரண்டு. இன்னும் நகர்ந்து சுவரில் முதுகு இடித்தாள். நாற்பத்தெட்டு. கருவியைக் கெடுத்துவிட்டேனா? என் காலிலிருந்து எதுவோ அதற்குள் போய் ஒட்டிக்கொண்டதா? பயம் வந்து உட்கார்ந்தால் படிப்பு எழுந்து வெளியே போய்விடுகிறது. இருபத்திரண்டு வருஷம் படித்த எதுவும் அந்தக் கணத்தில் அவளிடம் இல்லை, தபால் மேசையும் பசை ருசியும் மட்டும் இருந்தன. தவமணியின் முகம் இருந்தது. ஒட்டலட்டி, ஒரு பொட்டு ஒட்டல. அவரிடம் சொல்லவே கூடாது, வேறு ஏதாவது காரணம் சொல்லிவிட வேண்டும், வயதாகிவிட்டது, கண் மங்குகிறது என்று சொல்லிவிடலாம்.

"அக்கா!" புனல் அதிர்ந்தது. "அக்கா, இங்கயும் ஏறுது! பாக்கீங்களா? இங்கயும் ஏறுதுக்கா!" "எவ்வளவு?" என்று கேட்டது தன் குரலா என்று அவளுக்குத் தெரியவில்லை. "நாப்பத்தஞ்சு. நாப்பத்தாறு. விறுவிறுன்னு போவுது. புயலுக்கா, சூரியப் புயல்! கிட்டப் போங்க, விட்டுராதீங்க!" காலை இழுத்துக்கொண்டு தூணுக்கு வந்தாள். இரண்டு மூன்று நாளைக்கு முன் சூரியனை விட்டுக் கிளம்பிய ஒரு காற்று, ராத்திரி பகல் இல்லாத அந்த வெளியில் கோடிக் கணக்கான மைல் வந்து, இப்போதுதான் பூமியின் காந்தக் கூட்டில் தோளால் இடித்திருக்கிறது. கூடு ஒடுங்குகிறது. உலகத்தில் உள்ள எல்லாக் காந்த நிலையங்களிலும் இதே நிமிஷத்தில் எண்கள் துள்ளுகின்றன, தூக்கத்திலிருந்து யாரோ எழுகிறார்கள், யாரோ ஓடுகிறார்கள். சன்னலுக்கு வெளியே முந்திரி மரத்தடியில் நான்கு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. ஆட்டுக்குள் புகுந்து, மரத்துக்குள் புகுந்து, சுண்ணாம்புச் சுவருக்குள் புகுந்து, அவள் தொடைக்குள், பட்டைக்குள், வளைத்த இடத்துக்குள் புகுந்து, யாரையும் எதுவும் கேட்காமல் அது போய்க்கொண்டிருந்தது. இந்தப் பெரிய பூமி முழுவதும் குலுங்கியது, டீக்கடை வாசலில் மூன்று விரற்கடைத் தூரம். அவளுக்கு முழங்கை வரை மயிர்க்கூச்செறிந்தது. தன்னைப் பற்றி அவள் மறந்தே போனாள். மறந்துபோய் வாசித்தாள். "ஐம்பத்தாறு புள்ளி ஒண்ணு. இப்போ." "அறுபது புள்ளி ரெண்டு. இப்போ." "அறுபத்துமூணு. இப்போ." கேட்டுக் கேட்டு அவன் கழித்துக்கொண்டே வந்தான்.

 குழாய் வழியாகக் கணக்குப் போடுகிறவனின் மூச்சு வந்தது.

"அக்கா, கேட்டியளா?"

"சொல்லு."

"மூணரை. முதல்ல கிட்ட நின்னப்பவும் மூணரை, இப்ப இந்த ஆட்டம் ஆடுதப்பவும் மூணரை. எல்லாத்துலயும் மூணரைதான். தூரத்துல மூணு புள்ளி ரெண்டு." அவன் தாளை மேசையில் தட்டுவது கேட்டது. "புள்ளி மூணுக்கா. உங்க காலு மொத்தத்துக்கும் புள்ளி மூணு. சார் பக்கத்துலதான் நிக்காரு, பாத்துட்டாரு. சிரிக்காரு."

புள்ளி மூன்று. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியென்றால் முழுக்க இல்லாமலும் இல்லை. வளைத்த இடம் இருக்கத்தான் செய்கிறது. எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு துளி வடக்கு பார்த்துக்கொண்டிருக்கிறது. இனி அது அவளுடையது. இனி அவள் வாசிக்கிற எண்ணிலெல்லாம் அந்தத் துளியைக் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தொடைமேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. வீட்டுக்குப் போய்த் தவமணியிடம் என்ன சொல்வது என்று ஒரு கணம் யோசித்தாள். முதல் தரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சார் கிட்டச் சொல்லு, வாசிக்கிற ஆள் பேருக்கு எதிர்த்தாப்புல புள்ளி மூணு திருத்தம்னு போட்டுக்கிடச் சொல்லு."

"போட்டாச்சு. இதக் கேளுங்க, போன வருஷம் என்னைய வச்சுப் பாத்தப்போ புள்ளி நாலு. கம்பி இல்லாத ஆளு நான். உங்களவிட நான்தான் இரும்பு."

"வயித்துக்குள்ள எந்தக் கடை பரோட்டாக் கல்ல முழுங்கினியோ. சரி, பேசுனது போதும். அடுத்தத வாசி."

"கொஞ்சம் உக்காந்து எந்திரிங்கக்கா. காலு வலிக்கும்லா?"

வலித்தது. பட்டையின் கீழ் முனையில், மழை வரும்போது வலிக்கிற அதே இடத்தில், சுருக்சுருக்கென்று வலித்தது. அவள் உட்காரவில்லை. இடது காலை ஓர் அங்குலம் தள்ளி ஊன்றிக்கொண்டு, தூணின் விளிம்பைப் பிடித்தபடி பெட்டியைப் பார்த்தாள். எழுபத்தொன்று. எழுபத்தொன்றரை. எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.